சைக்கிள் மிதித்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டையை அடுத்த எங்கள் ஊரில் தென்னைகளும் சாய்ந்தன, கரண்ட் கம்பங்களும் சாய்ந்தன. மறுபடி விளக்கு எரிய 23 நாள் ஆனது. வீட்டு இன்வெர்ட்டர் முதல் நாள் ராத்திரியே மூச்சை விட்டது. அடுத்த தெருவில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் ஒரு போன் சார்ஜ் போட 20 ரூபாய் வாங்கினார், அதற்கும் வரிசை. அந்த வரிசையில் நின்றபோதுதான் அப்பாவின் பழைய சைக்கிள் நினைவுக்கு வந்தது. அது இன்று எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தில் மின்சாரம் எடுக்கும் இயந்திரமாக நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு மணி நேரம் மிதித்தால் எவ்வளவு கரண்ட் கிடைக்கும்?

நம்மைப் போன்ற சாதாரண ஆள் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி, பெடலில் அளந்தால் சுமார் 75 வாட். நல்ல உடற்பயிற்சி உள்ளவர் 100-ஐத் தாண்டுவார். இந்த 75 வாட் அப்படியே ஒயருக்கு வந்துவிடாது. செயினில் கொஞ்சம், டயர் உராய்வில் கொஞ்சம், மோட்டாரில் நிறைய போய்விடும். ஒயரில் வந்து சேர்வது 50 வாட் அளவுதான். ஒரு மணி நேரத்துக்கு 50 வாட்-அவர். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-அவர். அதாவது ஒரு யூனிட்டுக்கு 20 மணி நேரம் மிதிக்க வேண்டும்.

பெரிய தொடைக்காரர்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஜெர்மனி சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டெமன், 2015-இல் சைக்கிள் மிதித்தே 700 வாட் டோஸ்டரை ஓட்டிக் காட்டினார். ஒரு துண்டு ரொட்டி சிவந்தது. அதற்குள் மனிதர் தரையில் விழுந்து கிடந்தார்.

கரண்ட் பில் குறையுமா?

குறையாது. தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல், இரண்டு மாதம் மிதித்தால் 3 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 15 ரூபாய். அதுவும் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு.

சாப்பாட்டுக் கணக்கு இதைவிட மோசம். நாம் சாப்பிடுவதில் கால் பங்குதான் தசையில் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பம். ஒரு யூனிட் எடுக்க உடம்பு கூடுதலாகச் செலவழிப்பது சுமார் 5,000 கலோரி. இட்லி ஒன்றுக்கு 50 கலோரி என்றால் 100 இட்லி. சட்னி, சாம்பார் தனி. 5 ரூபாய் கரண்டுக்கு 100 இட்லி அவிப்பதற்கு என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் மிதித்தால் 24 மணி நேரம் கரண்ட் என்று ஒரு வீடியோ பார்த்தேனே?

2015-இல் இந்திய வம்சாவளி அமெரிக்கத் தொழிலதிபர் மனோஜ் பார்கவா அறிவித்த சைக்கிளாக இருக்கும். ஒரு மணி நேர மிதியில் ஒரு கிராமத்து வீட்டின் ஒரு நாள் தேவை தீரும் என்றார்கள். அதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ‘தேவை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். 5 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டை 4 மணி நேரம் எரித்தால் 40 வாட்-அவர். ஒரு சாதாரண பட்டன் போன் சார்ஜ் அதற்கு மேல் 5. ஆக, ஒரு மணி நேர மிதிக்குள் அடங்கிவிடும். ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி இருக்கும் வீட்டில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தால்தான் ஏமாற்றம்.

அந்த மாதிரி ஒரு வீட்டை மிதித்தே ஓட்ட என்ன ஆகும் என்பதை 2009-இல் பி.பி.சி. ஒரு நிகழ்ச்சிக்காகச் செய்து பார்த்தது. நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் வீட்டுக்குள் வழக்கம்போல் புழங்க, வெளியே 80 பேர் அளவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் எதெல்லாம் ஓடும்?

என் அனுபவத்தில் நிம்மதியாக ஓடுபவை: எல்.இ.டி. பல்புகள், போன் சார்ஜர், ரேடியோ, 10 வாட் அளவில் இழுக்கும் வைஃபை ரூட்டர், 30 வாட்டே இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன். இப்போதைய போன் பேட்டரி 5,000 எம்.ஏ.ஹெச். என்றால் அதில் சுமார் 19 வாட்-அவர் அடங்கும், விரயத்தையும் சேர்த்து அரை மணி நேர மிதி. 32 இஞ்ச் டி.வி. 50 வாட் வரை இழுக்கும். ஓட்டலாம், ஆனால் படம் முடியும் வரை ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் விளம்பர இடைவேளையில் ஆள் மாற்றுவது என்று ஏற்பாடு செய்தோம், இரண்டாவது இடைவேளைக்கே ஆள் கிடைக்கவில்லை.

பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். இன்வெர்ட்டர் விரயத்தோடு சேர்த்தால் நம் சக்திக்கு மேல். தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு பக்கமே போக வேண்டாம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்ச 40 பேர் மிதிக்க வேண்டும். அத்தனை பேருக்கும் அந்தப் பாலில் காபி போட முடியாது.

இன்னொன்று. புழுக்கமான ராத்திரியில் உங்களுக்காக நீங்களே ஃபேனை மிதித்து ஓட்ட நினைக்காதீர்கள். 75 வாட் வேலை செய்யும் உடம்பு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை அறைக்குள் விடும். ஃபேன் காற்று அதற்கு ஈடு கொடுக்காது. தூங்கும் குழந்தைக்காக மிதிப்பது வேறு விஷயம்.

சைக்கிளில் முன்பெல்லாம் இருந்த டைனமோவே போதாதா?

டயரில் உரசி ஓடும் அந்தக் குப்பி டைனமோ 6 வோல்ட், 3 வாட். ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்று அப்பா தலைமுறை மாட்டியது. ஒரு சின்ன எல்.இ.டி. எரியும், பட்டன் போன் மெதுவாக ஏறும். வீட்டுக்குப் போதாது.

அப்படியானால் எந்த மோட்டாரைப் போடுவது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நான் மூன்று முறை விழுந்தேன்.

முதலில் பரணில் கிடந்த டேபிள் ஃபேன் மோட்டார். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மீட்டரில் முள் அசையவில்லை. சாதாரண ஃபேன், ஏர்கூலர், தண்ணீர் மோட்டார் எல்லாம் இண்டக்‌ஷன் வகை. உள்ளே நிலைக்காந்தம் கிடையாது. வெறுமனே சுற்றினால் கரண்ட் வராது. அடுத்து பழைய இரும்புக் கடையில் ஒரு கார் வைப்பர் மோட்டார் வாங்கினேன். காந்தம் இருக்கிறது, ஆனால் உள்ளே உள்ள புழுச் சக்கரப் பல் ஒருவழிப் பாதை. மோட்டார் தண்டைச் சுற்றும், தண்டைப் பிடித்துச் சுற்றினால் மோட்டார் அசையாது. மூன்றாவதாக, ஓடும் காரில் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர். இது கரண்ட் கொடுக்கும், ஆனால் தன் காந்தத்தை உண்டாக்கவே முதலில் 30, 40 வாட் கேட்கும், வேகமும் நிறைய வேண்டும். நாம் கொடுக்கும் 75-இல் பாதியை அதுவே விழுங்கிவிட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

கடைசியில் சரிப்பட்டது, சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் வரும் 24 வோல்ட், 250 வாட், நிலைக்காந்த டி.சி. மோட்டார். லேபிளில் நிமிடத்துக்கு 2,750 சுற்று என்று இருந்தது. இரண்டே ஒயர். சுற்றினால் டி.சி. வரும். எலெக்ட்ரிக் சைக்கிளின் ஹப் மோட்டாரும் நன்றாக வேலை செய்யும், ஆனால் உள்ளே பல்சக்கரம் உள்ள வகையை வாங்காதீர்கள். அதில் ஃபிரீவீல் போன்ற ஒரு கிளட்ச் இருப்பதால் முன்பக்கம் சுற்றினால் சும்மா சுற்றும். பல்சக்கரம் இல்லாத வகையாக இருக்க வேண்டும். அதன் மூன்று ஒயரில் வருவது ஏ.சி., அதை டி.சி.யாக மாற்ற ஒரு த்ரீ ஃபேஸ் ரெக்டிஃபையரும் தேவை.

மோட்டாரைச் சக்கரத்தோடு எப்படி இணைப்பது? என்ன அளவு உருளை?

பின்சக்கரம் தரையைத் தொடாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்த ஒரு இரும்பு ஸ்டாண்டு. வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. மோட்டார் தண்டில் ஒரு உருளை மாட்டி, ஸ்பிரிங் அழுத்தத்தில் டயரோடு ஒட்ட வைத்தால் போதும்.

உருளையின் அளவை மட்டும் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். என் சைக்கிளில் முன்பல் 44, பின்பல் 18. நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் சக்கரம் சுமார் 147 சுற்று. சக்கர விட்டம் 700 மில்லிமீட்டர். முதலில் 30 மில்லிமீட்டர் உருளை போட்டேன். மோட்டார் 3,400 சுற்றைத் தாண்டியது, லோடு இல்லாமல் 25 வோல்ட். மச்சான் ஏறி உட்கார்ந்து பந்தயத்துக்கு மிதிப்பது போல் மிதித்தார், 37 வோல்ட்டுக்குப் போனது. பக்கத்தில் மாட்டியிருந்த, வோல்ட்டை மாற்றித் தரும் சின்ன டிசி-டிசி மாட்யூலில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். 35 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் வாய் பிளந்திருந்தது.

அதையே 12 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் வேறு தொல்லை. பேட்டரி வோல்ட்டைத் தன் அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெடல் மெதுவாகத்தான் சுற்றும், மிதி ஏற்றத்தில் பாரம் இழுப்பது போல் கனக்கும். முழங்கால் போய்விடும். உருளையை 50 மில்லிமீட்டராக லேத்தில் கடைந்து மாற்றியதும், 60 மிதிக்கு 15 வோல்ட், 70 மிதிக்கு 17 வோல்ட் என்று வந்தது. பேட்டரிக்கும் சரி, காலுக்கும் சரி. சீட்டையும் உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும்.

பேட்டரியை மாட்டியதும் யாரும் மிதிக்காமலே சக்கரம் சுற்றுகிறதே?

எங்கள் வீட்டிலும் சுற்றியது. இருட்டில், காலியான சைக்கிளில், பின்சக்கரம் மட்டும் கிர்ரென்று. பாட்டி திருநீறு எடுக்கப் போய்விட்டார். மோட்டார் கரண்ட் கொடுக்கவும் செய்யும், கரண்ட் கிடைத்தால் ஓடவும் செய்யும். பேட்டரியிலிருந்து அது திருப்பி இழுக்கிறது. பாசிட்டிவ் ஒயரில் ஒரு டயோடு போட்டால் ஒருவழிப் பாதையாகிவிடும். ஷாட்கி வகையில் 15, 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள், சூடாகும் என்பதால் ஒரு அலுமினியத் தகட்டில் திருகிவிடுங்கள்.

எந்த பேட்டரி? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே ஏற்றலாமா?

ஏற்றலாம். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் 1,800 வாட்-அவர். காலியாக இருந்தால் நிரம்ப 40 மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். ஆசையிருந்தால் செய்யுங்கள்.

யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஏ.ஹெச். பேட்டரி மறுபக்கம் ரொம்பச் சின்னது. நம் மிதியில் 4 ஆம்பியர் வரை வரும், அது 2 ஆம்பியருக்கு மேல் தாங்காது. நான் வைத்திருப்பது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத (எஸ்.எம்.எஃப்.) 26 ஏ.ஹெச். லெட்-ஆசிட் பேட்டரி. பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்தினால் 150 வாட்-அவர் கிடைக்கும். பல்புகளையும் யு.எஸ்.பி. சார்ஜரையும் 12 வோல்ட்டிலேயே ஓடுவதாக வாங்கிவிட்டேன், நடுவில் இன்வெர்ட்டர் விரயம் இல்லை. லெட்-ஆசிட் பேட்டரி காலியாகக் கிடந்தால் கெட்டுவிடும். மாதம் ஒரு முறை வீட்டுக் கரண்டிலேயே சார்ஜ் ஏற்றி வைக்கிறேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் போடலாமா?

யோசித்துப் போடுங்கள். பேட்டரி நிரம்பியதும் சாதாரண சோலார் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கும். பேனல் அதற்குப் பழகியது. சைக்கிளில் லோடு போனதும் மிதி திடீரென லேசாகி, வேகம் ஏறி, வோல்ட் எகிறும், கன்ட்ரோலர் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். அதனால் நான், வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற, வோல்ட், ஆம்பியர் இரண்டையும் திருகி அமைக்கக்கூடிய பக்-பூஸ்ட் மாட்யூலில் 14.2 வோல்ட் வைத்து ஓட்டுகிறேன். ஆம்பியரைக் குறைத்து வைத்தால் மிதியும் லேசாகும், அப்பா மிதிக்கும்போது 2-இல் வைப்போம். ஹேண்டில்பாரில் ஒரு வாட் மீட்டரும் மாட்டுங்கள். கண்ணுக்கு நேரே ‘48’ என்று தெரியும்போது, அறையில் சும்மா எரியும் விளக்கை அணைக்கச் சொல்லி நாமே கத்துவோம்.

இதை வீட்டு ஒயரிங்கில் கொடுக்கலாமா? பிளக் பாயிண்டில் சொருகினால்?

கூடவே கூடாது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் இன்வெர்ட்டரைச் சுவர் பாயிண்டில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மெயின் ஆஃப் செய்யாமல் விட்டால் அந்தக் கரண்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட்டாக ஏற்றக்கூடியது. லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் இன்வெர்ட்டர் சின்னது, அந்த லோடுக்கு உடனே ஆஃப் ஆகிவிடும் என்று ஒரு ஆள் உயிரை வைத்துக் கணக்குப் போட முடியாது. 12 வோல்ட்டுக்குத் தனி ஒயர், தனி பல்பு. அவ்வளவுதான்.

செயினுக்கும் கம்பிக்கும் இடையில் குழந்தைகள் விரல் விடாமல் ஒரு வலைத் தகடு அடித்துவிடுங்கள்.

ஃப்ளைவீல் என்கிற கனமான சுழல் சக்கரம் அவசியமா?

அவசியமில்லை, சுகம். மிதி மேலும் கீழும் வரும்போது வெட்டி வெட்டி வரும் விசையை அது சமப்படுத்தும்.

செலவு எவ்வளவு? அதற்கு சோலார் பேனல் வாங்கிவிடலாமே?

வாங்கிவிடலாம். எனக்கு சைக்கிள் சொந்தம், மோட்டார், ஸ்டாண்டு, மாட்யூல், பேட்டரி எல்லாம் சேர்ந்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது, கருகியதையும் சேர்த்து. நம் ஊர் வெயிலில் ஒரு 100 வாட் பேனல் ஒரு நாளில் 400 வாட்-அவர் கொடுக்கும். நான் அதற்கு 8 மணி நேரம் மிதிக்க வேண்டும். கையில் இருப்பது ஒன்றுக்கு மட்டும் பணம் என்றால் பேனலை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். புயல் நாளின் மூட்டத்திலும் ராத்திரி இரண்டு மணிக்கும் பேனல் கை விரித்துவிடும், கால் கைவிடாது, அதற்காகத்தான் சைக்கிள். இரண்டும் ஒரே பேட்டரிக்குப் போகலாம், தனித்தனி டயோடு இருந்தால்.

கரண்டாக மாற்றாமல் நேரடியாகவே மிதியைப் பயன்படுத்த முடியாதா?

முடிந்தால் அதுதான் புத்திசாலித்தனம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மேலே கல்லைச் சுழலவிட்டுக் கத்தி தீட்டித் தரும் சாணைக்காரரைப் பாருங்கள். மிதியெல்லாம் நேரே கல்லுக்குப் போகிறது, நடுவில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தரகு கிடையாது. கால்மிதி தையல் மிஷினும் அதே கதை. அந்தக் காலத்துக் கிணற்று ஏற்றத்தில், நீர் இறைக்கும் நீள மரத்தின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்தே நீரைக் கொண்டுவந்தார், உடம்பின் எடையே எரிபொருள். குவாத்தமாலாவில் மாயா பெடல் என்ற அமைப்பு 1997 முதல் பழைய சைக்கிள்களைக் கொண்டு மக்காச்சோளம் உதிர்க்கவும் அரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் இயந்திரங்கள் செய்து கொடுக்கிறது. வெளிச்சத்துக்கும் போனுக்கும் மட்டும்தான் கரண்ட் கட்டாயம். அரைப்பதற்கும் இறைப்பதற்கும் கால் போதும். வெட் கிரைண்டரைச் சைக்கிளோடு பெல்ட் போட்டு இணைப்பதுதான் என் அடுத்த திட்டம். வீட்டில் இன்னும் அனுமதி வரவில்லை.

சத்தம் வருமா? உங்கள் சைக்கிள் இன்னும் ஓடுகிறதா?

டயரில் உருளை உரசும்போது மாவு மில் மாதிரி இரைச்சல். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, நெல்லா அரைக்கிற?” என்றார். டயரும் ஒரு வருடத்தில் நடுவில் தேய்ந்து நூல் தெரிந்தது. அதன் பிறகு டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மிலேயே ஒரு நீள வி-பெல்ட்டை ஓட்டி, மோட்டாரில் 2 இஞ்ச் புல்லி மாட்டினேன். டயர் போனதில் சக்கர விட்டம் கொஞ்சம் குறைந்துவிட்டதால் முன்பைவிடச் சற்று வேகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் சத்தம் பாதியாகிவிட்டது. மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒரு முறை மாற்றினேன். சாதாரண நாட்களில் ஹேண்டில்பாரில் துண்டு காய்கிறது. வானிலை அறிவிப்பில் புயல் சின்னம் என்று கேட்டதும் துண்டை எடுத்துவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்து வைப்பேன்.